என் டி செல்லைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?

வாசகி கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு வயது 26, எடை 51 கிலோ. ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்காக ஆவணியில் எலும்பு மஜ்ஜை மாற்று செய்தார்கள். முழுப் பொருத்தம் யாரும் கிடைக்காமல், பாதிப் பொருத்தத்தில் நான் கொடுத்தேன். கார்த்திகையில் தோல் சிவந்து வயிற்றுப்போக்கும் வந்ததால் பிரட்னிசலோன் ஆரம்பித்தார்கள். மார்கழியில் காய்ச்சல், இருமல். ஸ்கேனில் வலது நுரையீரலில் கட்டி. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை என்றார்கள். பூஞ்சை மருந்து வோரிகோனசோல் 200 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறான். பத்தாம் நாள் ஸ்கேனில் கட்டி முன்பைவிடப் பெரிதாக இருந்தது. தெரிந்தவர் ஒருவர், “டி செல் கொடுத்தால் பூஞ்சை போய்விடும், அக்கா ரத்தமே போதும், 6 லட்சம் ஆகும்” என்று ஓர் இடத்தைச் சொல்கிறார். கொடுக்கலாமா? தை அறுப்புக்குத் தம்பியை ஊருக்கு அழைத்து வரச் சொல்கிறார் அம்மா. வரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டி செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை. உங்கள் டி செல்கள் ஏற்கெனவே தம்பியின் உடம்புக்குள்தான் இருக்கின்றன. ஆவணியில் ஏற்றிய மஜ்ஜையோடு கொஞ்சம் போயின. உங்கள் மூல அணுக்களிலிருந்து புதியவையும் மெல்ல உருவாகிக்கொண்டிருக்கும். தம்பியின் ரத்த அணுக்களில் எத்தனை விழுக்காடு உங்களுடையவை என்று காட்டும் கைமரிசம் சோதனையை மருத்துவமனையில் செய்திருப்பார்கள். கோப்பில் தேடிப் பாருங்கள், டி செல்லுக்குத் தனியாகப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. ஆகவே இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உள்ளே இருப்பவை ஏன் வேலை செய்யவில்லை?

ஆஸ்பெர்ஜில்லஸின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். நாம் எல்லோருமே அன்றாடம் அவற்றை நூற்றுக்கணக்கில் மூச்சில் இழுக்கிறோம். நுரையீரலின் காற்றறைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். தப்பிய வித்து முளைத்து நூலிழையாக நீண்டுவிட்டால் விழுங்க முடியாது. அப்போது நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் சூழ்ந்து இழையைச் சிதைக்க வேண்டும். டி செல் தானே போய்ப் பூஞ்சையைக் கொல்வது குறைவு. மற்ற அணுக்களுக்குக் கொல்லும் வலுவைக் கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. இப்படி உதவும் டி செல்களுக்கு சிடி4 என்று பெயர். அவற்றில் டிஹெச்1 வகை இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது பட்டதும் மேக்ரோஃபேஜும் நியூட்ரோஃபிலும் பல மடங்கு வீரியமாகின்றன. டிஹெச்17 வகை இன்டர்லூக்கின் 17 மூலம் நியூட்ரோஃபில்களைத் தொற்று இடத்துக்கு வரவழைக்கிறது. வாயிலும் குடலிலும் கேண்டிடா பூஞ்சையை அடக்கி வைப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு. டிஹெச்2 வகை மிகுந்தால் விளைவு வேறு மாதிரி: சளி, இழுப்பு, ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளின் ஏற்றம். ஆஸ்துமாக்காரர்களுக்கு இதே ஆஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமை நோயைத் தருவது அந்த வழியில்தான். எதிர்வினை எல்லை மீறி நுரையீரலையே புண்ணாக்காமல் நிறுத்தி வைக்க நெறிப்படுத்தும் டி செல்கள் தனியாக உண்டு. இதனால்தான் ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எதைக் கூட்டுகிறார்கள் என்று அவர்களால் சொல்ல முடியாது.

நெல் தூற்றும் களத்தில் வளர்ந்த உங்கள் ரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸை அறிந்த நினைவு டி செல்கள் பெரும்பாலும் இருக்கும். ஆரோக்கியமான பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. தம்பியிடம் அவை ஓய்ந்து கிடக்கக் காரணங்கள் பல. மஜ்ஜை மாற்றுக்குப் பின் நியூட்ரோஃபில்கள் 2 முதல் 4 வாரங்களில் மீண்டுவிடும். சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 200ஐத் தாண்டப் பலருக்கும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிறது. பாதிப் பொருத்தத்தில் பெரும்பாலும் 3, 4ஆம் நாள்களில் சைக்ளோபாஸ்ஃபமைடு கொடுப்பார்கள். தம்பியின் உடம்பை அந்நியமாகக் கண்டு பெருகத் தொடங்கிய உங்கள் டி செல்களை அழிக்க அது. மிஞ்சியவற்றை டாக்ரோலிமஸ் மருந்து தூண்டப்படாமல் பிடித்து வைக்கிறது. இவற்றுக்கு மேல் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு: அது டி செல்லை மட்டுமல்ல, வித்தை விழுங்கும் மேக்ரோஃபேஜையும் மந்தமாக்கும். மேட்டூர் தண்ணீர் வாய்க்கால்வரை வந்துவிட்டது, மடைதான் அடைபட்டிருக்கிறது.

அதற்காக நாளைக் காலையே பிரட்னிசலோனை நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் ரத்த அழுத்தம் விழும். அடங்கியிருந்த ஒட்டு எதிர்நோயும் (உங்கள் டி செல்கள் தம்பியின் உடம்பைத் தாக்குவது; கார்த்திகையில் வந்த தோல் சிவப்பும் வயிற்றுப்போக்கும் அதுதான்) குடலில் மறுபடி கிளம்பும், அப்போது முன்பைவிட அதிக அளவில் ஸ்டீராய்டு தேவைப்படும். மருத்துவக் குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: இன்றைய அளவு கிலோவுக்கு எத்தனை மி.கி., எந்தத் தேதியில் எவ்வளவாகக் குறைக்கப் போகிறீர்கள், குடலில் மட்டும் வேலை செய்யும் பியூடசோனைடு அல்லது ஒளிவழி ரத்தச் சிகிச்சை (வெள்ளணுக்களை வெளியே எடுத்து ஒளி பாய்ச்சித் திரும்ப ஏற்றுவது) சேர்த்தால் இன்னும் விரைவாகக் குறைக்க முடியுமா? ரக்சோலிட்டினிப் என்ற மாத்திரை ஸ்டீராய்டைக் குறைக்க உதவும். ஆனால் அதுவும் டி செல்லை அடக்கும், வோரிகோனசோலோடு சேரும்போது அதன் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். எனவே அது எல்லாவற்றுக்கும் விடை இல்லை. பூஞ்சைக்கு எதிராக நீங்கள் கேட்கும் டி செல் சிகிச்சைக்கு மிக அருகில் நிற்பது இந்த ஸ்டீராய்டு கணக்குதான். இதற்குப் பணம் செலவில்லை.

இப்போது உண்மையான டி செல் சிகிச்சைக்கு வருகிறேன், ஏனென்றால் அது கட்டுக்கதை அல்ல. 2005இல் இத்தாலியின் பெருஜியா நகர மருத்துவர்கள், உங்கள் தம்பியைப் போலவே பாதிப் பொருத்த மாற்று செய்தவர்களுக்கு, கொடையாளரின் ஆஸ்பெர்ஜில்லஸ் டி செல்களைக் கொடுத்து ‘ப்ளட்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். செலுத்திய மூன்று வாரத்துக்குள் நோயாளியின் ரத்தத்தில் பூஞ்சைக்கு எதிரான டி செல் எதிர்வினை தெரிந்தது. பூஞ்சை ஆன்டிஜன் அளவும் கட்டுப்பட்டது. சிகிச்சை பெற்றவர்கள் மிகச் சிலரே, அதனால் அது ஒரு தொடக்கம் மட்டும். அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவர்கள் எடுத்த முன்னெச்சரிக்கை. வளர்த்த ஒவ்வொரு டி செல் குலத்தையும் (ஒரே அணுவிலிருந்து பெருகிய கூட்டம்) நோயாளியின் சொந்த அணுக்களோடு குழாயில் சேர்த்துப் பார்த்தார்கள். நோயாளியின் அணுக்களைத் தாக்கிய குலங்களைத் தள்ளிவிட்டு, பூஞ்சையை மட்டும் தாக்கியவற்றையே ஏற்றினார்கள். ஒட்டு எதிர்நோய் வராததற்குக் காரணம் இந்தச் சலிப்புதான்.

இன்று இதைச் செய்யும் ஆய்வுக் கூடங்களில் படிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். கொடையாளரை இயந்திரத்தோடு சில மணி நேரம் இணைத்து வெள்ளணுக்களை மட்டும் எடுப்பார்கள். அப்போது உறைவுத் தடுப்பு மருந்தால் கால்சியம் இறங்கி உதடு மரத்துப்போவது சகஜம், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். எடுத்த அணுக்களைப் பூஞ்சைப் புரதங்களோடு சில மணி நேரம் வைத்தால், அதை அறிந்த டி செல்கள் மட்டும் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும். அப்படிச் சுரந்தவற்றைக் காந்தமணிகள் கொண்டு பிரித்தெடுத்து, இன்டர்லூக்கின் ஊட்டிப் பெருக்குவார்கள். பின்பு கிருமியில்லாச் சோதனை, எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சுக்கான சோதனை, எத்தனை விழுக்காடு டி செல் என்ற கணக்கு, எல்லாம் சரியென்றால் உறையவைத்துச் சேமிப்பு. மருந்து தயாரிக்கும் தரமுள்ள தூய அறையில் நாள்கணக்கிலிருந்து வாரக்கணக்கு வரை பிடிக்கும். சறுக்குவது பல இடங்களில்: ஆஸ்பெர்ஜில்லஸை அறிந்த டி செல்கள் ரத்தத்தில் மிக அரிது, அதனால் போதிய அளவு பெருகாமல் போகும், பெருக்கப் பெருக்கக் களைத்து, உடம்புக்குள் போனதும் சில நாளில் மடியும், பெறுபவர் அதிக ஸ்டீராய்டில் இருந்தால் ஏற்றிய அணுக்களையும் அதே மருந்து முடக்கிவிடும். இந்தக் கடைசிக் காரணத்தால்தான் இத்தகைய ஆய்வுகள் அதிக ஸ்டீராய்டில் இருப்பவர்களைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. 6 லட்சம் கட்டி ஏற்றினாலும் தம்பியின் இன்றைய நிலையில் அது அடைபட்ட இடத்திலேயே போய் நிற்கும்.

‘கார் டி’ என்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: இலக்கைப் பிடிக்கும் ஏற்பியை மரபணு வழியாகப் பொருத்திய டி செல். பூஞ்சைச் சுவரிலுள்ள பீட்டா குளுக்கனைப் பிடிக்கும் டெக்டின் 1 ஏற்பியை டி செல்லில் பொருத்தி 2014இல் அமெரிக்காவிலும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸை நேரடியாகக் குறிவைக்கும் கார் டி செல்லை 2022இல் ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் குழுவும் வெளியிட்டார்கள். இரண்டிலும் பலன் காட்டப்பட்டது சோதனைக் கூடத்திலும் எலிகளிலும். நம் நாட்டில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற கார் டி சிகிச்சை பி செல் ரத்தப் புற்றுநோய்களுக்கானது. பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் செய்தித்தாள் துண்டைக் காட்டி யாராவது பேசினால் ஏமாறாதீர்கள். இன்டர்ஃபெரான் காமா ஊசி ஒன்றுதான் மருந்தாகவே கிடைப்பது. பிறவி வெள்ளணுக் குறைபாடு ஒன்றில் கடுமையான தொற்றுகளைக் குறைக்க அது அனுமதி பெற்றது. மாற்று செய்தவருக்கு ஒட்டு எதிர்நோயைக் கிளறிவிடக்கூடும் என்பதால், மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகே யோசிப்பார்கள்.

‘அக்கா ரத்தமே போதும்’ என்ற பேச்சு என்னைக் கவலைப்படுத்துகிறது. பிரிக்காமல் சலிக்காமல் உங்கள் ரத்தத்தையோ வெள்ளணுக்களையோ ஏற்றினால், பூஞ்சையை அறிந்த ஒரு டி செல்லோடு தம்பியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகக் காணும் டி செல்கள் ஏராளமாகப் போகும். பாதிதான் பொருந்தியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதுவும் ஒட்டு எதிர்நோய் ஏற்கெனவே இருப்பவருக்கு. புற்றுநோய் திரும்பும்போது கொடையாளரின் லிம்போசைட்டுகளை (டி செல் அடங்கிய வெள்ளணு வகை) மருத்துவர்கள் ஏற்றுவதுண்டு. ஆனால் கிலோவுக்கு இத்தனை டி செல் என்று எண்ணி, மிகச் சிறிய அளவில் தொடங்கி, இடைவெளி விட்டு ஏற்றுவார்கள். பூஞ்சைக்காக அதைச் செய்வதில்லை.

அந்த இடத்தில் கேட்டுப் பாருங்கள்: எந்தப் பூஞ்சைப் புரதத்தால் தூண்டுகிறீர்கள்? தம்பியின் அணுக்களைத் தாக்குகிறதா என்ற சோதனை அறிக்கையைத் தருவீர்களா? நெறிமுறைக் குழு அனுமதியும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டு எண்ணும் எங்கே? ஒட்டு எதிர்நோய் கிளம்பினால் எந்த மருத்துவமனையில் சேர்ப்பீர்கள், செலவு யாருடையது? பூஞ்சைக்கான டி செல் சிகிச்சை இன்று எந்த நாட்டிலும் அங்கீகரிக்கப்பட்ட வழக்கச் சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி மட்டுமே. ஆராய்ச்சி என்றால் முறையான ஒப்புதல் படிவம் இருக்கும், நோயாளியிடம் லட்சக்கணக்கில் வாங்க மாட்டார்கள். பணத்தை வைத்திருங்கள், கீழே சொல்லும் சோதனைகளுக்கும் மருத்துவமனைப் பயணத்துக்கும் அது வேண்டும்.

பத்தாம் நாள் ஸ்கேனில் கட்டி பெரிதானதைப் பார்த்து மனம் உடைந்திருப்பீர்கள். மருந்து சரியாக வேலை செய்யும்போதும் முதல் ஒரு வாரம், பத்து நாள் வரை கட்டியின் அளவு கூடுவது தெரிந்த விஷயம். வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்வதும் அதில் ஒரு பங்கு. அதனால்தான் மறு ஸ்கேனைக் குறைந்தது இரண்டு வாரம் கழித்து எடுக்கச் சொல்கிறோம். நடுவில் பள்ளம் விழுந்து பிறை வடிவில் காற்று தெரிந்தால் அது பெரும்பாலும் மீளும் அறிகுறி. காய்ச்சல் இறங்குகிறதா, ஆக்சிஜன் அளவு நிலையாக இருக்கிறதா, ரத்தத்தில் கேலக்டோமன்னான் என்ற பூஞ்சைப் பொருள் குறைகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, நான்காவது வாரத்திலும் கட்டி வளர்ந்தால், புதிய கட்டிகள் தோன்றினால், அப்போது பயப்பட வேண்டும்.

வோரிகோனசோல் இன்னும் முதன்மை மருந்துதான். 2002இல் வந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வில் 12 வாரம் கழித்து உயிரோடிருந்தவர்கள் வோரிகோனசோல் பெற்றவர்களில் ஏறக்குறைய 71 விழுக்காடு, பழைய ஆம்ஃபோடெரிசினில் 58 விழுக்காடு. ஆனால் இதே 200 மி.கி. ஒருவர் ரத்தத்தில் போதாமலும் இன்னொருவர் ரத்தத்தில் நச்சாகவும் இருக்கும், ஈரல் அதை உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால். தம்பிக்கு ரத்த அளவு பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த வாரமே கேளுங்கள். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்னால் எடுத்த ரத்தத்தில், ஒரு மில்லிக்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு: காலை பஸ் ஏறும் அவசரத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுப்பது. அப்படி வரும் எண் பொய்யாக உயர்ந்திருக்கும். மாத்திரையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், ரத்தம் கொடுத்த பிறகு விழுங்கட்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போதான் இதைச் சாப்பிட வேண்டும். நெய் தோசையோடு சேர்த்தால் உறிஞ்சுவது குறையும். தம்பிக்கு வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் மாத்திரையே சரியாக ஏறாது, ஊசி வழி வேண்டியிருக்கும். ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாயின் இரண்டும் இதன் அளவை அடியோடு இறக்கிவிடும்; நுரையீரல் கட்டியைப் பார்த்துக் காசநோய் என்று யாராவது உள்ளூரில் மாத்திரை தொடங்கினால் உடனே தெரிவியுங்கள். டாக்ரோலிமஸோடு இது கைகோத்து நடக்கிறது: வோரிகோனசோல் ஆரம்பிக்கும்போது டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பார்கள், வோரிகோனசோல் தவறினால் டாக்ரோலிமஸ் அளவு சரிந்து ஒட்டு எதிர்நோய் வரும். நிலவேம்பு, சீந்தில் கஷாயம், ‘இம்யூனிட்டி’ மாத்திரைகள், பம்பளிமாஸ் பழம் எல்லாம் இப்போது வேண்டாம். மாத்திரை போட்ட அரை மணியில் பார்வையில் நிறம் மாறித் தெரியலாம். தம்பி வண்டி ஓட்டக் கூடாது. வெயிலில் தோல் எரியும், முழுக்கை சட்டையும் குடையும் வேண்டும். சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரம். ஸ்டீராய்டு உள்ளவரை அதற்கு மேலும்.

டெல்டாக்காரர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. நெல்லில் இலையுறைக் கருகலுக்கு அடிக்கும் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் ஆகியவை வோரிகோனசோலின் உறவுக்கார மருந்துகள். வயலில் அவற்றைச் சந்தித்துப் பழகிய ஆஸ்பெர்ஜில்லஸ் மருத்துவமனை மருந்துக்கும் மடங்காமல் போவது இந்தியாவிலும் 2012 முதல் பதிவாகியிருக்கிறது. தம்பியின் நுரையீரல் கழுவிய நீரில் பூஞ்சை வளர்ந்திருந்தால் மருந்து உணர்திறன் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எதிர்ப்புத் திறன் தெரிந்தால் லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின், கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. அல்லது அதற்கு மேல். டி செல் ஆராய்ச்சியை நான் ஆர்வத்தோடு கவனிப்பதும் இதனால்தான். மருந்துக்கு மசியாத பூஞ்சையையும் டி செல் அடையாளம் காணும்.

இனி அம்மாவின் ஆசை. மகன் அறுப்பு வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது எனக்குப் புரிகிறது. இந்தத் தைக்கு வேண்டாம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் 50 டிகிரி வெப்பத்திலும் வளரும். மழை ஈரத்தோடு போர் போட்ட வைக்கோலின் உள்ளே சூடேறும்போது மற்ற பல பூஞ்சைகள் செத்துப்போக, இது தழைக்கும். போரைக் கலைத்தால் வித்துகள் புகையாகக் கிளம்பும். அறுவடை இயந்திரத்தின் பின்புறத் தூசி, வைக்கோல் கட்டும் இயந்திரம், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றுவது, எருக்குழி கிளறுவது எல்லாம் இதே கதைதான். துண்டை முகத்தில் கட்டினால் 2 மைக்ரான் வித்து நிற்காது. என்95 முகக்கவசம் பொருந்தி இருந்தால் தெருவில் நடக்க உதவும், களத்தில் நிற்க அல்ல. மருத்துவமனைக்கு அருகில் வாடகை அறை கிடைத்தால் மாசி முடியும் வரை அங்கேயே இருக்கட்டும். அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கி, ஸ்டீராய்டு குறைந்த பிறகு வரலாம். வருவதற்கு முன் அவர் படுக்கும் அறையில் மழைக்கு ஊறிய சுவர் இருந்தால் பூச்சைச் சுரண்டிப் பூசி, பழைய இலவம்பஞ்சு மெத்தையை அகற்றி, ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்குவதை அவர் இல்லாதபோது செய்யுங்கள். மிளகுத்தூளைச் சமைத்து இறக்கிய பின் மேலே தூவாமல் கொதிக்கும்போதே சேருங்கள், மசாலாவிலும் வித்துகள் உண்டு. கோட்ரைமாக்சசோல் மாத்திரை எழுதியிருந்தால் விடக் கூடாது. டி செல் குறைந்தவர்களைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்ற இன்னொரு பூஞ்சைக்கு அதுதான் காவல்.

வெள்ளணு எழும்பும் காலத்தில் கட்டி உள்ளே கரைந்து பக்கத்து ரத்தக்குழாய் கசியக்கூடும். இருமலில் ஒரு தேக்கரண்டி ரத்தம் வந்தாலும், மூச்சு இரைத்தாலும், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், கண் பக்கம் வலித்து முகம் வீங்கினாலும் காத்திருக்காதீர்கள். முகம் வீங்குவது ம்யூகார் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வோரிகோனசோல் கேட்காது. ஊரில் இருக்கும்போது இப்படி நடந்தால் 108இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அங்கிருந்து மாற்று செய்த குழுவோடு பேசச் சொல்லுங்கள். மாற்று நடந்த தேதி, மருந்துப் பட்டியல், கடைசி டாக்ரோலிமஸ் அளவு ஒரு தாளில் எழுதித் தம்பியின் சட்டைப் பையில் இருக்கட்டும். அதில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘கதிர்வீச்சு பாய்ச்சிய ரத்தம் மட்டுமே ஏற்றவும்; உறவினர் ரத்தம் வேண்டாம்.’ கதிர்வீச்சு பாய்ச்சாத பையில் இருக்கும் டி செல்கள் தம்பியின் உடம்பில் வேரூன்றித் தாக்கினால் மீட்பது மிக அரிது. அவசரத்தில் சொந்தக்காரர்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், முதல் ஆளாக நீங்களும் நிற்பீர்கள். அப்போது அந்தத் தாளை எடுத்துக் காட்ட வேண்டியதும் நீங்கள்தான்.